தொண்ணூற்றெட்டு

ஜாபேஸ் வாத்தியாருக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் எடுத்த பரிசோதனையில் கொரோனா என்று வந்துவிட்டது. அன்றிலிருந்து மாடி அறையில் தனியாக உட்கார்ந்து, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஆக்ஸிமீட்டரில் விரலை வைத்துப் பார்த்தார். ஆக்ஸிஜன் அளவு எப்போதும் தொண்ணூற்றெட்டுதான். ஆனாலும் பயம் போகவில்லை.

மூன்றாம் நாள் காலையில் எதிர்வீட்டுச் சாலோமி போன் செய்தாள். அவள் கணவன் வேதமுத்துவும் கொரோனாவில் ஒரு வாரமாகப் படுத்திருந்தான்.

“சார், உங்ககிட்ட ஆக்ஸிமீட்டர் இருக்கா?”

கொடுத்துவிட்டால் தன் கதி என்ன? விரலை எடுக்காமலே சொன்னார்.

“இல்லையேம்மா. பாளையங்கோட்டை முழுக்கத் தேடியாச்சு, கிடைக்கல.”

“சரி சார்” என்று வைத்துவிட்டாள்.

சற்று நேரத்தில் மனைவி ரீபா கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டாள்.

“சாலோமி ஆக்ஸிமீட்டர் குடுத்துட்டுப் போறா. அவ வீட்டுக்காரருக்குக் குணமாயிட்டாம். சாருக்கு உதவுமேன்னுதான் கேட்டாளாம். நம்மகிட்டதான் இருக்கே, ஏன் இல்லைன்னு சொன்னிய?”

ஜாபேஸ் வாத்தியார் எழுந்து ஜன்னலைத் திறந்தார். சாலோமி தெருவைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

“சாலோமி, எங்கிட்ட இருக்கும்மா. நீ வாங்கிட்டுப் போயிருவியோன்னு பொய் சொல்லிட்டேன்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்போ அதைத் திருப்பித் தரச் சொல்லுங்க சார். பின்தெரு டீச்சரம்மா காய்ச்சலோட வந்து கேட்டாவ. சாருக்கு வேணும்னு சொல்லி, அவங்களைத் திருப்பி அனுப்பிட்டேன்.”