நாகவல்லி எழுந்த காலை

நைட் ஷிப்ட் முடிந்து அண்ணனூர் வீட்டுக்குள் நுழைந்த வேம்புலி அசந்து நின்றான். ஒரு மாதமாகப் பாயை விட்டு எழாத அவன் மனைவி நாகவல்லி, குளித்துத் தலை வாரி, தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் குணமான மனச்சோர்வு அவளிடம் மறுபடி வந்திருந்தது. டாக்டர் பழைய மாத்திரையை நிறுத்தி, வேறு கொடுத்திருந்தார். "இது வேலை செய்யச் சில வாரம் ஆகும். அதுவரைக்கும் பக்கத்துலயே இருந்து பாத்துக்கோங்க" என்று அவர் சொன்னதை வேம்புலி காதில் போட்டுக்கொள்ளவில்லை. "மாத்திரையத்தான் மாத்திட்டாங்களே, இன்னும் இன்னாத்துக்குப் படுத்துகினு கீறே?" என்று நேற்றும் கத்திவிட்டுத்தான் வேலைக்குப் போனான்.

"பாத்தியா, ஒரு அதட்டு போட்டதும் எழுந்துட்டே!" என்று இப்போது சிரித்தான்.

அவள் தட்டை வைத்தாள். கதவோரம் துணிப்பை ஒன்று தயாராக இருந்தது.

"உங்கம்மா ஊட்டுக்கா? போய் நாலு நாள் இருந்துட்டு வா."

"இல்ல மாமா, கீழ்ப்பாக்கத்துக்கு. என்னை ஆஸ்பத்திரில சேத்துடு."

வேம்புலியின் கை தட்டிலேயே நின்றது.

"நேத்து நீ போனதும் ரயில் ரோட்டாண்ட போய் நின்னேன். எப்படியோ திரும்பி வந்துட்டேன். இன்னொரு வாட்டி வருவனான்னு தெரியல, பயமா கீது."

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னா புள்ளே?"

"படுத்துகினே சொன்னா திட்டுவே. அதான் எழுந்தேன்."

வேம்புலி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். பையை எடுத்துக்கொண்டு, அவள் கையை இறுகப் பிடித்தபடி தெருவில் இறங்கினான்.