எலிக்குட்டிகள்

"கண்ணாடி வழியா ஒரே ஒரு தடவை பாரு சரிதா, போதும்," என்று கெஞ்சினான் கணவன் ஹேமநாத்.

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட இரட்டைக் குழந்தைகளை சரிதா இன்னும் பார்க்கவில்லை. பார்த்த பிறகு ஏதாவது ஆகிவிட்டால் தாங்க முடியாது என்று பயம். இன்று எப்படியோ இன்குபேட்டர் அறை வாசல்வரை வந்துவிட்டாள்.

அங்கே பக்கத்து வார்டு ஜெயக்கொடி கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். கோவளத்தில் மீன் விற்பவள். அவளுக்கும் இரட்டைதான்.

"எலிக்குட்டிங்களா! மூஞ்சியப் பாரு, ஓணான் மாதிரி கீது!"

சரிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பெத்த குழந்தைங்களை இப்படித் திட்ட உங்களுக்கு எப்படிங்க மனசு வருது?"

ஜெயக்கொடி திரும்பினாள்.

"என்னுதுங்க அந்த மூலைல கீதுங்கம்மா. இது ரெண்டும் உன்னுது. நீ வரவே இல்ல, யாராச்சும் பேசணும்ல? அம்மாம் அழகா கீதுங்க. வாய்விட்டுச் சொன்னா என் கண்ணே பட்டுடும்."

சரிதா மெல்லக் கண்ணாடியை நெருங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். உதடுவரை வந்துவிட்ட 'என் தங்கங்களா'வை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

"குரங்குங்களா!" என்றாள், கண்ணைத் துடைத்தபடி.