ஆறாவது நொடி

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இறந்தவரின் புகைப்படம் டிவியில் துள்ளிக் குதித்தது. வீடியோவைச் செய்து கொடுத்த தவமணிக்கு உடம்பெல்லாம் கூசியது. எந்த நொடியில் படம் எங்கே நிற்க வேண்டும் என்று கீஃப்ரேம் வைத்துவிட்டால் நடுவில் அது தானாக நகரும். ஒரு குழந்தையின் பிறந்தநாள் வீடியோவில் படம் துள்ளுவதற்கு வைத்த கீஃப்ரேம்களை அப்படியே இதில் ஒட்டியிருந்தாள். படம் மெல்ல நெருங்கி வரும் முதல் ஐந்து நொடியைப் பார்த்ததோடு சரி. ஆறாவது நொடியில், சூம்பிய காலோடு ஊன்றுகோலைப் பிடித்து நின்ற பொன்னுசாமி எம்பினார், விழுந்தார், மறுபடி எம்பினார். பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

ஓடிப்போய் நிறுத்தினாள். அவர் மனைவி காளீஸ்வரியை ஏறிட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"மன்னிச்சிருங்கம்மா. முழுசா பாக்காம குடுத்துட்டேன். இப்பவே எடுத்துர்றேன்."

காளீஸ்வரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பாதி உயரத்தில், ஊன்றுகோல் எங்கும் ஊன்றாமல் பொன்னுசாமி நின்றிருந்தார்.

"கட்டிக்கிட்டு முப்பது வருசம். இந்த மனுசன் குதிச்சு நான் பாத்ததில்ல," என்றார். "எடுக்கறதுக்கு முன்னாடி இன்னொருக்கா போடு கண்ணு."

தவமணி ரிமோட்டை அமுக்கினாள். திரைப் பக்கம் தலையைத் தூக்க அவளால் முடியவில்லை.