வணிகச் செய்திகள், வாசிப்பது...

“முதல்ல அந்த ஆளை நிறுத்து!”

கணவர் போட்ட கூச்சலில் மனைவி திடுக்கிட்டுக் கைபேசியை அமுக்கினாள். ‘டாரிஃப்’ என்று சொல்லிக்கொண்டிருந்த ஆண் குரல் சட்டென்று அடங்கியது.

“ஏன், நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு? இன்னும் நாலு வார்த்தைதாங்க பாக்கி.”

“எனக்கு வார்த்தை வேணும். அவன் வேணாம்.”

மறுநாள் காலையில் செய்தி வாசிக்கும் வேலைக்கு அவருக்கு நேர்முகத் தேர்வு. ஆங்கிலத்தில் வணிகச் செய்தி ஒரு பக்கம் கொடுப்பார்கள். தடுமாறாமல் வாசித்து, கேட்ட சொல்லுக்கு அர்த்தமும் சொல்ல வேண்டும். மச்சினன் யார் யார் காலிலோ விழுந்து வாங்கிக் கொடுத்த வாய்ப்பு. இதை விட்டால் இன்னொன்று வராது.

மாடிப்படியில் உருண்டு தலையில் அடிபட்டதிலிருந்து அவருக்கு வேலை இல்லை. அதைவிடக் கொடுமை, நேற்றுப் படித்தது இன்று நிற்பதில்லை. முன்பு தெரிந்ததிலும் செய்ததிலும் எது நினைவில் இருக்கிறது, எது போயிற்று என்று பிடிபடவில்லை. அதனால்தான் தினமும் சாயங்காலம் இந்தப் பாடம். பழைய ஆங்கில வணிகச் செய்திப் பதிவுகளை அவள் கைபேசியில் ஓடவிடுவாள், கடினமான சொல் வந்தால் நிறுத்தி அர்த்தம் கேட்பாள்.

“சரி, அவர் வேணாம். நானே கேக்குறேன். டெஃபிசிட்னா?”

“வரவைவிடச் செலவு ஜாஸ்தி. நம்ம வீடு.”

“சர்ப்ளஸ்?”

“தேவைக்கு மேல மிச்சம். உன் தம்பி பண்ற அட்வைஸ்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “டாரிஃப்?”

வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. நேற்று அழகாகச் சொன்ன சொல். காதுக்கு மேலே தையல் போட்ட இடத்தை விரல்கள் தேய்த்தன.

“வெளியிலேருந்து வர்ற சரக்குமேல போடுற வரிங்க. கப்பல் வந்து நிக்குதுன்னு வெச்சுக்குங்க...”

“உனக்கு மட்டும் எப்படி எல்லாம் தெரியுது? நீயும் என்னை மாதிரி தமிழ்ல படிச்சவதானே?”

“எல்லாம் இவர் சொல்லித் தந்ததுதான்” என்று கைபேசியைக் காட்டியவள், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் முகம் மாறியது. “கேட்டுக் கத்துக்கிட்டேன்னு சொல்லல. சொல்லித் தந்தார்ங்கிற.”

“அது... வாய் தவறி வந்துடுச்சு.”

“நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன். அவன் குரல் வந்தா அடுப்புல பால் பொங்கி வழியிறதுகூட உனக்குத் தெரியல. கண்ணை மூடிட்டு நிக்கிற. நான் பேசும்போது ஒரு நாளாவது அப்படி நின்னிருக்கியா?”

அவள் பத்திரிகையை எடுத்து நீட்டினாள். அதிர்ச்சி தரும்படி எதையும் நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“பேப்பரை வாசிங்க. மத்ததெல்லாம் நாளைக்குப் போயிட்டு வந்து பேசிக்கலாம்.”

“ஓ, பேச வேற இருக்கா?”

முறைத்துக்கொண்டே ஆங்கிலப் பத்திரிகையின் வணிகப் பக்கத்தை விரித்தார். சொற்கள் ஒவ்வொன்றாக, மேட்டில் ஏறும் வண்டி மாதிரி திணறி வந்தன. ஏற்றுமதி இத்தனை சதவீதம் சரிந்தது என்ற இடத்தில் மட்டும், எண்ணுக்கு முன்னால் ஒரு நொடி மூச்சை நிறுத்தி, பிறகு அதைத் தனியாக எடுத்து வைத்தார்.

அவள் விருட்டென்று நிமிர்ந்தாள். அந்தக் குரலும் எண் வந்தால் அப்படித்தான் நின்று போகும்.

“பாத்தீங்களா, அப்படியே அவர் மாதிரியே...”

அவ்வளவுதான். பத்திரிகை சுவரில் போய் விழுந்தது.

“எனக்கு அவன் மாதிரி ஆகவே வேணாம்! அவன் பொறக்கும்போதே இங்கிலீஷ்ல அழுதவன். நான் அங்க போய் நாலு பேர் முன்னாடி கூனிக் குறுகி நிக்கணுமா? உன் தம்பிகிட்டச் சொல்லிடு, நான் வரல.”

மறுநாளைக்கென்று அவள் தேய்த்து மாட்டியிருந்த சட்டையை உருவிக் கட்டிலில் வீசினார்.

“அவரும் நம்மள மாதிரி வீட்டுலேருந்து வந்தவர்தாங்க. தெருமுனைக் கடை ரேடியோவுல வியாபாரச் செய்தி கேட்டு, ஒவ்வொரு சொல்லாப் பொறுக்கிக் கத்துக்கிட்டவர். முதல் நாள் வாசிக்கப் போனப்ப முழங்கால் நடுங்கிச்சாம்.”

“அவன் முழங்கால் நடுங்கினது வரைக்கும் தெரியுமா உனக்கு?”

அவள் தலை குனிந்தாள். அவர் கைபேசியைப் பிடுங்கினார்.

“எப்பவும் பேர் சொல்ற இடத்தைத் தள்ளிவிட்டுத்தானே போடுற? இன்னிக்கு முதல்லேருந்து கேக்குறேன்.”

“வேணாங்க. இன்னிக்கு வேணாம். கெஞ்சிக் கேக்குறேன்.”

அவர் காதில் வாங்கவில்லை. பதிவை ஆரம்பத்துக்கு இழுத்தார். மணியோசை ஒன்று கேட்டது. அந்தக் கம்பீரமான குரல் ஆங்கிலத்தில் மாலை வணக்கம் சொல்லி, ‘வணிகச் செய்திகள், வாசிப்பது’ என்று தொடங்கியது.

பெயர் வருவதற்குள் அவரே நிறுத்திவிட்டார்.

“இதுகிட்ட எதுக்குக் கேக்கணும்? நீயே சொல்லிடு. யாரு அவன்?”

அவள் கட்டிலில் கிடந்த சட்டையை எடுத்து, ஒரு முறை உதறி, அவர் தோளில் போட்டாள்.

“நீங்கதாங்க.”