நெகிழ்ச்சியற்ற தேவை

"இன்னும் ஏத்தலாம் சார். ஒருத்தரும் பேச்சைக் குறைக்க மாட்டாங்க."

மிளகாய் சொன்னதும் மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். மிளகாய் என்பது அந்தத் தொலைபேசி நிறுவனத்தில் அவளுக்கு எல்லோரும் வைத்த பெயர். கட்டணப் பிரிவில் அவளைவிட இளையவர் இல்லை. அவளைவிட வாய் நீண்டவரும் இல்லை.

பேச்சு ஜெயில் லைன் கட்டணத்தைப் பற்றி. உள்ளே இருப்பவன் கூப்பிடுவான். வெளியே எடுத்துப் பேசுகிற வீட்டார் பணம் கட்டுவார்கள். வேறு கம்பெனிக்கு அங்கே அனுமதி கிடையாது.

"ஏற்கெனவே ரெண்டு தடவை ஏத்தியாச்சேம்மா?"

"ஏத்தினோம். குறைஞ்சுதா? மத்த லைன்ல விலை ஏறினா ஜனங்க மிஸ்டு கால் குடுப்பாங்க, மெசேஜ் போடுவாங்க, சிம்மைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குவாங்க. இவங்களுக்குப் போக்கிடம் ஏது? விலை ஏறினாலும் குறையாத இதுக்கு எக்கனாமிக்ஸ் புத்தகத்துல நெகிழ்ச்சியற்ற தேவைன்னு பேரு."

"பாவம்டி," என்றாள் மூலையில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்த அக்கா. வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு விசாரிப்பது அவள் வேலை.

"என்ன பாவம்? ஒரு தப்பும் பண்ணாம நாங்க பட்ட பாட்டுக்கு யாராவது தள்ளுபடி குடுத்தாங்களா? எங்க குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நான். உள்ள இருக்கிறவன்கிட்ட கொஞ்சிப் பேசணும்னா கட்டட்டும்!"

மேலாளர் சிரித்துவிட்டார். இந்தக் கட்டண உயர்வு நிறைவேறினால் அவள்தான் பிரிவுத் தலைவி. நேற்றே வாக்குக் கொடுத்திருந்தார்.

"சரி, முடிவு பண்றதுக்கு முன்னால ஒருத்தரையாவது கேட்டுடுவோம். அதிகமா பேசறவங்க யாருக்காவது போடுங்கம்மா."

அக்கா ஓர் எண்ணைத் தட்டினாள். அவள் பேசுவது மட்டும்தான் அறையில் கேட்டது.

"வணக்கம்மா, ஜெயில் லைன் ஆபீஸ்லேர்ந்து பேசறேன்... ஐயோ, பதறாதீங்க! மகனுக்கு ஒண்ணும் ஆகலை. விலை இன்னும் ஏறினா பேச்சைக் குறைச்சுக்குவீங்களான்னு கேக்கத்தான்..."

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு மைக்கைக் கையால் பொத்தினாள். "குறைக்க மாட்டாங்களாம்."

"சொன்னேன்ல!" மிளகாய் மேசையைத் தட்டினாள்.

"போன தடவை ஏத்தினப்பவே ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திட்டாங்களாம். மகள் கேட்டா, பசிக்கலைன்னு சொல்லிச் சமாளிக்கிறாங்களாம்."

மேலாளரின் சிரிப்பு நின்றது. "மகளுக்குத் தெரியாதா?"

"தெரியாதாம் சார். பையன் உள்ள போன அன்னிக்கே, கப்பல்ல வேலை கிடைச்சுப் போயிட்டான்னு சொல்லிட்டாங்களாம். படிச்சு ஆளான பொண்ணு, நாலு பேர் முன்னால தலை குனியக் கூடாதாம்."

மிளகாயின் கை மேசையிலேயே ஒட்டிக்கொண்டது.

"எந்தக் கப்பலாம்?"

"அது எதுக்குடி உனக்கு?"

"கேளுக்கா!"

அக்கா கேட்டாள். "சரக்குக் கப்பலாம். எங்க அண்ணன் உலகத்தையே சுத்தறான்னு அந்தப் பொண்ணு பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் பீத்திக்குமாம். அதுவும் ஏதோ ஃபோன் கம்பெனியிலதான் வேலையாம். அவளுக்கு மட்டும் தெரியவேண்டாம்னு அழறாங்..."

அக்காவின் குரல் பாதியில் செத்தது. உலகம் சுற்றுகிற அந்த அண்ணனைப் பற்றி மிளகாய் வாயால் அவளும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள்.

மிளகாய் ஹெட்செட்டைப் பிடுங்கினாள்.

"அம்மா!"

எத்தனை தடவை விலை ஏற்றியும் பேச்சைக் குறைக்காத அந்த வாடிக்கையாளர், மறுவார்த்தை பேசாமல் லைனைத் துண்டித்தார்.