வெள்ளி பூசிய கேபிள்

"ஏலே ஹமீது, வெள்ளிக்கிழமைக்குள்ள இந்தக் கர் சத்தம் நிக்கலைன்னா, மாடியில நிக்கிற உன் கம்பத்தைக் கழட்டிப்புடு."

அத்தா சதக்கத்துல்லா டிவியை அணைத்துவிட்டுத் தொழக் கிளம்பினார். ராமேஸ்வரத்து அமெச்சூர் ரேடியோ நண்பர்களின் பேச்சை வாங்கி, வலுவேற்றித் தூரத்துக்கு அனுப்பும் ரிப்பீட்டர் ஹமீது வீட்டு மாடியில்தான் இருந்தது. அவர்களில் யார் ரேடியோப் பொத்தானை அழுத்தினாலும் கீழே டிவி உறுமும்.

ரிப்பீட்டரிலிருந்து ஆன்டெனாக் கம்பத்துக்குப் போகும் கேபிள்தான் ரேடியோ அலையைக் கசியவிடுகிறது என்பதில் நண்பன் ராக்கப்பனுக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஒற்றைக் கம்பி வலை போர்த்திய புதுக் கேபிளே போதும் என்றான். கப்பலுக்கா மாட்டப்போகிறோம் என்று கேலி வேறு.

"ரிப்பீட்டரு ஒரே நேரத்துல கேக்கவும் செய்யும், பேசவும் செய்யும் மாப்ளே. ஒத்தை வலைன்னா கசியத்தான் செய்யும். வெள்ளி பூசின ரெட்டை வலைதான் வேணும்" என்றான் ஹமீது.

டீ கொண்டுவந்த மனைவி ஹுமைரா குறுக்கே புகுந்தாள். "புதுசே எதுக்கு மச்சான்? பழைய கேபிளே இருந்துட்டுப் போகட்டும். மாமாகிட்ட நான் பேசிக்கிறேன்."

ஹமீது சிரித்துவிட்டான். இவளுக்குக் கேபிளைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் அடுப்படியில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவனுக்கு மண்டபம் ஐஸ் கம்பெனியில் மெக்கானிக் வேலை. ஒருநாள் ஐந்து மணிக்கு விடுவார்கள், ஒருநாள் எட்டாகிவிடும். எப்போது வந்தாலும் அவன் செருப்பைக் கழற்றும்போது கல்லில் தோசை வேகும். 'நான் வர்றது அவ மனசுக்குத் தெரிஞ்சிரும்' என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வான்.

வியாழக்கிழமையே ரெட்டை வலைக் கேபிளை மாட்டினான். டிவி வாய் திறக்கவில்லை. கம்பம் தப்பியது.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது, வழக்கம்போலத் தங்கச்சிமடத்தில் வண்டியை நிறுத்தி, கை ரேடியோவின் பொத்தானை மூன்று முறை அழுத்திப் பார்த்தான். மூன்று முறையும் ரிப்பீட்டர் பதில் தந்தது. உற்சாகமாக வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினான்.

அத்தா நிம்மதியாகச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்போ அணைந்து கிடந்தது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இப்படி நடந்ததேயில்லை. அவள் பேச்சைக் கேட்காத கோபமோ என்று ஹமீதுக்கு மனசு சுருங்கிப்போனது.

"என் மேல கோவமா ஹுமைரா?"

மாவுச் சட்டியோடு ஓடிவந்தவள் பரிதாபமாகப் பார்த்தாள்.

"நீங்க வாரது எனக்கு எப்படித் தெரியும் மச்சான்? டிவி மூணு தடவை கர்ருன்னாத்தானே நான் கல்லையே அடுப்புல வைப்பேன்."