கரையும் திருகாணி

மில் தொழிலாளி ரெஜினாவின் உடைந்த கணுக்கால் எலும்பை ஒரு துத்தநாகத் திருகாணி இறுக்கிப் பிடித்திருந்தது. உடம்புக்குள்ளேயே மெல்லக் கரைந்துவிடும்படி செய்யப்பட்ட திருகாணி அது.

சில மாதங்கள் போயின. “என்ன, பிடி தளர்ந்த மாதிரி இருக்கே?” என்று எலும்பு நடுங்கியது.

“அதெல்லாம் ஒண்ணுமில்லை,” என்று திருகாணி பொய் சொன்னது. எலும்பு ஒட்டிச் சேருமுன் தான் கரைந்தால் மறுபடி பிளந்துவிடுமே என்று அதற்கும் உள்ளூர உதறல்தான்.

ஒரு நாள் எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர், “ஊன்றுகோலை விட்டுட்டு நடங்கம்மா,” என்றார்.

“விழுந்துட்டா?” என்றாள் ரெஜினா.

“விழ மாட்டீங்க.”

அவள் கண்ணை மூடிக்கொண்டு காலை ஊன்றினாள். முழு பாரமும் இறங்கியது.

“ஐயோ, விட்டுடாதே!” என்று எலும்பு அலறியது. மிச்சமிருந்த மெல்லிய கம்பியால் திருகாணி பற்றப் பார்த்தது, பலமில்லை.

ரெஜினா அடுத்த அடி வைத்தாள். அதற்கடுத்ததும் வைத்தாள்.

“நல்லவேளை, பிடிச்சுக்கிட்டே,” என்று எலும்பு மூச்சுவிட்டது.

“நான் பிடிக்கலை. என்கிட்ட பலமே மிச்சமில்லை.”

எலும்பு கேட்டது: “அப்போ இவ்வளவு தூரம் இவளைச் சுமந்தது யாரு?”

“முன்னால படி வருது,” என்றது திருகாணி. “பார்த்து இறங்கு.”